ஏழாவது ஆளை நீக்கியவன்

காப்பகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பழைய ஆட்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறதாம். நல்ல வழக்கம்தான். எனக்கு முன்னால் எழுதியவர்களின் கட்டுரைகளை வாங்கிப் படித்துப் பார்த்தேன். எல்லாரும் ஏதோ ஒரு இக்கட்டில் சரியான முடிவை எடுத்திருக்கிறார்கள். தண்ணீர் புகுந்த அறையிலிருந்து வட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள், பெரிய அதிகாரி வந்து நிற்கும்போது படுத்துவிட்ட கணினியை எழுப்பியிருக்கிறார்கள். எனக்கும் அப்படி இரண்டு மூன்று கதைகள் உண்டு. கல்யாண வீடுகளில் நான் சொல்லிச் சொல்லி என் மனைவிக்கு அவை மனப்பாடம். அவற்றை விட்டுவிடுகிறேன். முப்பது வருடம் தரவுத்தளங்களோடு மல்லுக்கட்டியதில் நினைத்தால் இன்றும் முகம் சுடுகிற காரியம் ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் அது நியாயமாகத்தான் இருக்கும்.

நம் கடற்கரையை அடித்த அந்தப் புயலுக்குப் பிறகு தொடங்கியதுதான் நம் காப்பகம். காணாமல் போனவர்களின் பட்டியல், முகாம்களில் எழுதிய நோட்டுகள், புகைப்படங்கள், பிழைத்தவர்களின் பேச்சு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்ப்பது முதல் வேலை. அவற்றில் எதை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று விதி வகுப்பது இரண்டாவது வேலை. மூன்றாவதாக மீன்பிடித் துறைமுகத்துக் கேமராக்கள் இருந்தன. ஆபத்து வரும்போது மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எப்போது ஓடுகிறார்கள் என்று அந்தப் படங்களிலிருந்து படித்தோம். முகம் தெரியக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு ஆளையும் கணினி குச்சி உருவமாக மாற்றிவிடும். தலைக்கு ஒரு புள்ளி, கைகால்களுக்குக் கோடுகள். மூன்று வேலைக்கும் நானே பொறுப்பு. அதில் எனக்கிருந்த பெருமையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

அந்தப் புயலில் ஒரு விசைப்படகு மூழ்கிப்போனது. ஏறியவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. புறப்படும் முன் கரையில் கொடுத்த ஆள் பட்டியலில் ஏழு பெயர்கள் இருந்தன. அதில் ஒன்று கஸ்பார். ஆனால் மூன்றாம் நாள் முகாமில் உட்கார்ந்து பெயர் எழுதிய கல்லூரி மாணவர்கள் வேறொரு பதிவு போட்டிருந்தார்கள். அதன்படி கஸ்பார் உயிரோடு தன் வீட்டில் இருந்தார்.

எங்கள் தொழிலில் இதற்கு இரட்டைப் பதிவு என்று பெயர். ஒரே ஆளைப் பற்றி இரண்டு வரிகள், ஒன்றுக்கொன்று முரணாக. ஒருவர் கடலில் காணாமலும் போய் வீட்டிலும் இருக்க முடியாது. அதனால் இரண்டையும் ஒன்றாக இணைத்து, 'உயிருடன்' என்பதை வைத்துக்கொண்டு, படகில் போனவர்கள் ஆறு பேர் என்று திருத்தினேன். அன்று மட்டும் இதுபோல எத்தனையோ பதிவுகளைச் சரிசெய்தேன்.

அப்போது ஆமினா வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். காயல்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். என் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றவர் மெதுவாகக் கேட்டார்.

“சார், ரெண்டு பதிவும் சரியா இருந்தா?”

“எப்படிம்மா ரெண்டும் சரியாகும்? அவர் என்ன புனிதரா, ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல நிக்க?”

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் என் நகைச்சுவையை நானே மெச்சிக்கொண்டேன். ஆமினா சிரிக்கவில்லை.

“பேரு பட்டியல்ல இருக்கு, ஆளு வீட்டுல இருக்காரு. அப்போ அவரு எடத்துல படகுல போனது யாரு சார்?”

“யாரும் போகலைன்னு அர்த்தம். போய் அடுத்ததப் பாரு.”

மீன்பிடித் துறைமுகத்தில் மாத்தாள் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், அல்லது ஒரு விசேஷம் என்றால் அன்றைக்கு அவருக்குப் பதிலாக இன்னொருவர் படகில் ஏறிவிடுவார். பட்டியலை யாரும் திருத்துவதில்லை. திருத்தப் போனால் படகு கிளம்ப நேரமாகும், நேரமானால் அன்றைய தொழில் போச்சு. துறைமுகத்தில் டீ ஆற்றுகிறவரிடம் கேட்டிருந்தால்கூட இதைச் சொல்லியிருப்பார். நான் பிறந்ததும் வளர்ந்ததும் இதே தூத்துக்குடி. என் அப்பா கடை வைத்திருந்த தெருவிலிருந்து துறைமுகம் சைக்கிள் மிதிக்கிற தூரம். எனக்கு அந்த வழக்கம் தெரியாது, தெரிந்துகொள்ள யாரையும் நான் கேட்கவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, நம் வேலையை ஊர் மக்களுக்குக் காட்ட ஒரு பள்ளி மண்டபத்தில் கண்காட்சி வைத்தோம். பெரிய திரையில் ஏழு குச்சி உருவங்கள் தோளில் சாமான்களுடன் வரிசையாக நடந்துபோகிற படம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பிடித்த படம் அது. கடைசியாகப் போகிற உருவம் பாதி வழியில் நின்று, முழு உடம்போடு பின்னால் திரும்பி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி நடக்கும். கணினி அந்த இடத்தை எவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறது என்று காட்டுவதற்காகவே எத்தனையோ கருத்தரங்குகளில் இதைப் போட்டிருக்கிறேன். வெளிநாட்டார் கைதட்டியிருக்கிறார்கள்.

திரைக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா தன் மகளின் கையைப் பிடித்து இழுத்தார்.

“ஏளா, அங்கன பாரு. கடைசியா வாறது ஒங்கப்பா.”

நான் பக்கத்தில் போனேன். திரேஸ்புரத்துக்காரர், பெயர் அமலி. மகள் மெர்சி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அமலியின் கணவர் சிலுவை, புயல் வந்த அன்றிலிருந்து காணவில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. வெளிநாட்டார் பார்த்துப் பாராட்டிய படம் என்று தொடங்கி, அப்போது நான் என் பாடத்தைத்தான் ஒப்பித்தேன்.

“அம்மா, அது ஆள் இல்ல. கணினி போட்ட கோடு. அதுல முகம் கிடையாது, பேரு கிடையாது. யாருன்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“யாராலயும்னா? இருவத்திரெண்டு வருசம் அவரு பின்னால நடந்திருக்கேன் சார்.” திரையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. “சங்கு குளிச்சி குளிச்சி எடது காது போச்சி. அதுல இருந்து களுத்து திரும்பாது. ஒடம்போடத்தான் திரும்புவாரு. அந்தா, திரும்புதாரு பாருங்க.”

திரையில் அந்த உருவம் முழு உடம்போடு திரும்பி நின்றது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அமலி அலுவலகத்துக்கு வந்துவிட்டார். முகம் தெரிகிற அசல் படத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நான் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். அந்த மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

“புயலுக்கு முந்துன நா சாயங்காலம் எங்களுக்குள்ள சண்ட சார். சோத்துத் தட்டத் தள்ளிட்டு எறங்கிப் போனாரு. அன்னைக்கு ராத்திரி வலைக்கூடத்துல படுத்திருந்தாருன்னு சொல்லுதாவ. அதுக்குப் பெறவு பாத்த ஆளு கெடையாது. எந்தப் படகுப் பட்டியல்லயும் அவரு பேரு இல்ல. கொச்சிக்கு ஓடிட்டாருன்னு ஊரு பேசுது. போலீசுலயும் வீட்ட விட்டுப் போனவருன்னுதான் எழுதியிருக்காவ. ஊர விடுங்க. வீட்டுக்குள்ள எம்மாமியா தெனமும் சொல்லுதா, நீ வெரட்டிட்ட, எம்புள்ள ஓடிட்டான்னு.” கணவரின் புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தார். “செத்தாருன்னா செத்தாருன்னு சொல்லுங்க. ஒரு பூசை வச்சிருதேன். ஓடிட்டாருன்னா அதயும் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியணும் சார்.”

நான் விதியைச் சொன்னேன். அசல் படத்தைப் பார்க்க வேண்டுமென்றால், அதில் தெரிகிற படகின் ஆள் பட்டியலில் உள்ள ஒருவருக்கு நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். சிலுவையின் பெயர் பட்டியலில் இல்லை. அவர் படகில் ஏறினார் என்று காட்டப் படத்தைப் பார்க்க வேண்டும், படத்தைப் பார்க்கப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். செக்குமாடு போலச் சுற்றிவருகிற இந்த விதியை எழுதியவன் நான்தான். விதிவிலக்குக் கொடுக்கும் அதிகாரமும் என்னிடம்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. “மேலிடத்து விதிம்மா, என் கையில ஒண்ணுமில்ல” என்றேன்.

“அந்த வெளிநாட்டுக்காரங்க எல்லாம் பாத்தாங்கன்னு நேத்து சொன்னிய?”

“அவங்க பாத்தது கோடும்மா.”

“நானும் கோடத்தான் சார் பாத்தேன்” என்றார். எழுந்து போய்விட்டார்.

அன்று மதியம் மூன்றேகால் மணிக்கு அறைக் கதவைச் சாத்திவிட்டு அசல் படத்தைத் திறந்தேன். விடியற்காலை, துறைமுக விளக்கு வெளிச்சம். ஏழு பேர் நடந்து போகிறார்கள். மூழ்கிய அதே படகில், அதே ஏழு பேர் ஏறுகிறார்கள். கடைசி ஆள் நின்று, உடம்போடு திரும்பி, ஊர்ப் பக்கம் பார்க்கிறார். முகம் நன்றாகத் தெரிந்தது. அமலி மேசையில் வைத்துவிட்டுப் போன புகைப்படத்தில் இருந்த அதே முகம்.

பிறகு முகாம் நோட்டின் பழைய நகலைத் தேடி எடுத்தேன். நான் இணைப்பதற்கு முன்னால் கஸ்பாரின் பதிவு எப்படி இருந்தது என்று பார்க்கத்தான். குறிப்பு என்ற கட்டத்தில் அந்த மாணவர்கள் எழுதியிருந்தார்கள்: 'தனக்குப் பதிலாக வேறு ஆள் போனதாகச் சொல்கிறார். பெயர் கேட்டால் அழுகிறார், சொல்லவில்லை.' நான் இரண்டு பதிவுகளை ஒன்றாக்கியபோது அந்தக் கட்டம் உதிர்ந்துபோயிருந்தது. சிலுவை இந்த உலகத்தை விட்டுப் போனதற்கு இருந்த ஒரே எழுத்துச் சான்று அது. அதை அழித்தது கடல் இல்லை.

இதுவரை நடந்தது தவறு. தவறு யாருக்கும் வரும். இதற்குப் பிறகு நான் செய்தது வேறு ரகம்.

அடுத்த மாதம் எங்கள் திட்டத்தை மதிப்பிட ஒரு குழு வரவிருந்தது. இணைத்துச் சுத்தம் செய்யும் என் முறையில் ஒரு மனிதரின் பதிவும் தொலையாது என்று கட்டுரை எழுதியிருந்தேன். அந்தக் கட்டுரையை வைத்துத்தான் குழுவே வருகிறது. குழு போகட்டும், சொல்லிவிடலாம் என்று படத்தை மூடினேன். குழு வந்தது, பாராட்டியது, போனது. அதற்குப் பிறகு சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடச் சொல்வது கடினமானது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குப் பசி எங்கே எடுக்கும்? திரேஸ்புரத்துக்கு மீன் வாங்கப் போவதை நிறுத்திவிட்டேன். “ஏங்க, நல்ல மீன வுட்டுட்டு ஐஸ்ல கெடந்தத வாங்கிட்டு வாரிய?” என்று என் மனைவி சண்டைக்கு வந்தாள். அவளிடமும் சொல்லவில்லை.

அனுமதி விதிகள் எதற்கு என்று உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். பாதிக்கப்பட்டவர்களைக் காப்பாற்ற. நானும் அப்படித்தான் வகுப்பெடுத்தேன், அந்த மாதங்களிலும் எடுத்தேன். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று இதைத்தான் சொல்வார்கள் என்று அப்போது எனக்கே தெரியும்.

யார் எந்தப் படத்தை எந்த நேரம் திறந்தார்கள் என்று கணினி தானாக எழுதிக்கொண்டே வரும் லாக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வருடத்துக்கு ஒரு முறை அதை யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதும் நான் போட்ட விதி. அந்த வருடம் படித்தது ஆமினா. ஒரு தாளை எடுத்துவந்து என் மேசையில் வைத்தார். ஒரு வரியை மட்டும் பென்சிலால் கோடிட்டிருந்தார்.

“சார், அந்த அம்மா வந்துட்டுப் போன அன்னைக்கு மூணேகாலுக்கு நீங்க இதத் தொறந்து பாத்திருக்கீங்க.”

“ம்.”

“அவங்களுக்கு ஏலாதுன்னு சொல்லிட்டுத்தான் பாத்திருக்கீங்க.”

ஆமினா தாளை என் மேசையிலேயே விட்டார். “லுஹருக்கு நேரமாச்சு சார், தொழுதுட்டு வாரேன்” என்று போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி முடித்திருந்தேன். பார்த்தீர்களா, எட்டு மாதம் முடியாத காரியம், ஒருவர் தொழுதுவிட்டு வருகிற நேரத்தில் முடிந்துவிட்டது. அந்தக் கடிதத்திலும் உண்மை முழுதாக இல்லை. 'ஆய்வின்போது புதிய சான்று கிடைத்துள்ளது' என்று எழுதினேன். ஆமினா அந்த வரியைப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். கடிதத்தை உறையில் போட்டார்.

விசாரணை நடந்தது. பட்டியல் பொய் என்று தெரிந்தால் உரிமம் போய்விடும் என்று கஸ்பாரை வாயை மூடச் சொல்லியிருந்த படகுக்காரர் கடைசிவரை மழுப்பினார். கஸ்பார் மழுப்பவில்லை. “எம்பிள்ளைக்குக் காச்ச. வலைக்கூடத்துல கெடந்தவன எழுப்பி, எனக்காவ போலேன்னு நாந்தான் அனுப்புனேன்” என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவராவது மூன்றாம் நாளே அந்த மாணவர்களிடம் பாதியைச் சொல்லி அழுதிருந்தார். என்னோடு ஒப்பிட்டால் அவர் மேல்.

சிலுவைக்குத் திரேஸ்புரத்தில் பூசை வைத்தார்கள். என்னை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். பூசை முடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் அமலி எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். “நீங்க இல்லன்னா எங்க வீட்டுக்காரரு இன்னைக்கும் ஓடிப்போனவருதான் சார். நீங்களும் ஒங்க பிள்ளைகளும் நல்லாருக்கணும்” என்றார். அந்தச் சால்வையை நான் போர்த்திக்கொண்டு நின்றேன். கழற்றிக் கொடுத்துவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம், இரண்டு வாக்கியம்தான். நிற்கத்தான் முடிந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்த நெஞ்சை அந்தச் சால்வையால் மூடிக்கொண்டு ஆலயத்தைவிட்டு வெளியே வந்தேன்.

நான்கு வருடம் அப்படியே போனது. நான் ஓய்வு பெற்றேன். காப்பகத்துக்கு ஆமினா பொறுப்பாளரானார். போன மாதம் ஒரு நாள் போய், லாக்கில் அந்த ஒரு வரியின் நகல் வேண்டும் என்று கேட்டேன். விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தார். நானே தயாரித்த படிவம். 'எதற்காக' என்ற கட்டத்தில், 'சம்பந்தப்பட்ட குடும்பத்திடம் காட்ட' என்று எழுதினேன். ஆமினா அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

“இப்பமாவது கேட்டீங்களே சார்” என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தால் தப்பில்லை.

திரேஸ்புரத்தில் அமலி வீட்டு வாசலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் மெர்சியை ஓடிப்போய்க் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். வேண்டாம் என்று தடுத்து, தாளை நீட்டினேன். மெர்சி வாங்கிப் படித்தாள். அவள் இப்போது வேலைக்குப் போகிறாள், இந்த மாதிரித் தாள்கள் அவளுக்குப் புரியும். தேதியைப் படித்தாள், நேரத்தைப் படித்தாள், என் பெயரைப் படித்தாள். 'திறந்தது. முழுதும் பார்த்தது. மூடியது.' அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“அம்மா, நீ ஆபீசுக்குப் போனியே, அந்தத் தேதி.”

அமலி என்னைப் பார்த்தார். “அன்னைக்கே பாத்தியளா?”

“ஆமாம்மா.”

“அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்மா. என் தப்பு வெளிய வந்துரும்னு பயந்து சொல்லல.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டேன். அமலி வாசலுக்குப் போய், காய்கிற மீனைக் காக்கை கொத்தாதபடி வலையை இழுத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“எம்மாமியா அதுக்குப் பெறவு ஏழு மாசம் உசுரோட இருந்தா சார்” என்றார். “பூசைக்கு மூணு மாசம் முந்திதான் போனா. சாவுற அன்னைக்கும் எங்கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. எம்மவன வெரட்டுனவ கையின்னா.”

நான் எழுந்தேன். தாளை எடுத்துக்கொள்ளலாமா என்று கையை நீட்டினேன். அவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“இது இங்கன கெடக்கட்டும்.”

உங்களுக்குப் புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஒரு வேண்டுகோள் மட்டும். என் பெயர் உள்ள அந்த வரி இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறது. காப்பகத்தில் ஒன்று, அமலி வீட்டில் ஒன்று. என்றைக்காவது நீங்கள் பழைய தரவுகளைச் சுத்தம் செய்ய உட்காருவீர்கள். அப்போது இரட்டைப் பதிவு என்று அதை நீக்கிவிடாதீர்கள்.